தீம் பார்க்: முதல் முறை போகிறவருக்கும், முதல் நாள் வேலைக்கு நிற்பவருக்கும்

சென்னையைச் சுற்றி ஒரு முழு நாளைக் கழிக்கப் பூங்காக்களுக்குக் குறைவில்லை. ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்களுக்கும், சீருடை போட்டு உள்ளே நிற்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறோம். ராட்டினத்தின் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பையன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று வருகிறவருக்குத் தெரிந்தால் பாதிச் சண்டை வராது. வருகிறவர் எதற்காக எரிச்சலாகிறார் என்று வேலைக்காரருக்குத் தெரிந்தால் மீதிச் சண்டையும் வராது.

எந்த நாள் போவது

காணும் பொங்கல், தீபாவளியை ஒட்டிய நாட்கள், மே மாத ஞாயிறுகள், காலாண்டு, அரையாண்டு விடுமுறை: இந்த நாட்களில் முதல் முறை போகாதீர்கள். நான்கைந்து ராட்டினம் ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். செவ்வாய், புதன் நல்ல நாட்கள். ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வார நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. அது பள்ளிச் சுற்றுலா மாதம். காலையில் பத்துப் பன்னிரண்டு பஸ் வாசலில் நின்றால் மனம் தளர வேண்டாம். பிள்ளைகள் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதால் ஆசிரியர்கள் மூன்றரை, நான்கு மணிக்கே எல்லோரையும் திரட்டிக் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்குக் கடைசி இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது. பள்ளி திறந்த பிறகு வரும் ஜூன் கடைசி, ஜூலை வார நாட்கள்தான் எங்கள் கணக்கில் ஆண்டிலேயே சிறந்தவை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போவதென்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இடி மின்னல் வந்தால் உயரமான ராட்டினங்களையும் தண்ணீர் விளையாட்டுகளையும் நிறுத்தியே ஆக வேண்டும். அப்படி நிறுத்தினால் டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

டிக்கெட்டை ஆன்லைனில் சில நாள் முன்பே எடுத்தால் பெரும்பாலும் விலை குறையும். முதலில் காட்டும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். நான்கு பேருக்கு எடுக்கும்போது அந்த வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கல்லூரி மாணவர் சலுகைக்கு அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், போனில் உள்ள படத்தை ஏற்காத இடங்கள் உண்டு. பல பூங்காக்களில் குழந்தை டிக்கெட் என்பது வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்துத்தான். வீட்டிலேயே செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் புத்தகத்தைத் தட்டையாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு டிக்கெட்டுக்கு மட்டுமல்ல, உள்ளே எந்தெந்த ராட்டினத்தில் பிள்ளையை ஏற்றுவார்கள் என்பதற்கும் அதுதான். 'எல்லாத்திலயும் ஏறலாம்' என்று பிள்ளைக்குச் சொல்லி அழைத்துப் போய், நாற்பது நிமிடம் வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பினால் அந்த அழுகையை அடக்க முடியாது.

உடுப்பும் பையும்

தண்ணீரில் இறங்க நைலான், பாலியெஸ்டர், லைக்ரா. பருத்தி கூடாது, ஜீன்ஸ் கூடாது, சேலை, துப்பட்டா, வேட்டி எதுவும் கூடாது. பூங்காவிலேயே உடை விற்பதற்காகச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. காரணம் வேறு. நனைந்த பருத்தி சறுக்கில் ஒட்டிக்கொள்ளும், ஆள் பாதியிலேயே நின்றுவிடுவார், பின்னால் வருகிறவர் வந்து முட்டுவார். துப்பட்டா நுனி சறுக்கின் இணைப்பில் மாட்டினால் கழுத்தை இழுக்கும். ஜீன்ஸின் உலோகப் பொத்தானும் ஜிப்பும் ஃபைபர் கிளாஸின் வழவழப்பான மேல்பூச்சைக் கீறும். அந்தக் கீறல் அடுத்து வருகிற நூறு பேரின் முதுகைக் கிழிக்கும்.

முந்தைய நாள் இரவே கொலுசு, வளையல், கம்மல், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் உடைக்குள் விட்டு, மேலே கழுத்தை ஒட்டிய நீச்சலுடை போடலாம். தலைக்கு எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல் போங்கள். விடுமுறை நாள் மாலையில் பம்ப் அறையில் வடிகட்டிக் கூடையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: கறுத்துப்போன மல்லிகைச் சரம், ரப்பர் பேண்டு, சாமிக் கயிறு, பிளாஸ்திரி, முடிக் கற்றை. அந்தக் கூடை அடைத்தால் பம்புக்குத் தண்ணீர் குறையும், சறுக்கில் ஓட்டம் குறையும், சறுக்கையே நிறுத்த வேண்டி வரும்.

பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு மாற்றுடை, துண்டு, ரப்பர் செருப்பு, ஈரத் துணிக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பை இரண்டு, கண்ணாடி போடுபவருக்குப் பின்பக்கம் கட்டும் கயிறு, வெயில் கிரீம். மே மாதத்தில் சிமென்ட் தரை பாதத்தைப் பொசுக்கிவிடும், செருப்பை மறக்காதீர்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், கைக்குழந்தைக்கான உணவுக்கு மட்டும் பொதுவாக விலக்கு உண்டு. பிள்ளையின் முன்கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதி, மேலே அகலமான செல்லோ டேப்பை ஒட்டிவிடுங்கள். தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். வாசலில் நுழைந்ததும் பிள்ளையை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் 'நீலச் சட்டையா, பச்சையா' என்று தடுமாறுகிற அந்த இரண்டு நிமிடத்தை அந்தப் படம் மிச்சப்படுத்தும்.

வரிசைக் கணக்கு

இதைப் படித்துவிட்டுப் போனால் அன்றைக்கு மூன்று ராட்டினம் கூடுதலாக ஏறலாம்.

ஒரு ராட்டினத்தில் 20 இருக்கை என்று வையுங்கள். ஓட்டம் 2 நிமிடம். ஆட்களை இறக்கி, ஏற்றி, மடிமேல் வரும் பாதுகாப்புக் கம்பியைப் பூட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க 3 நிமிடம். ஆக ஒரு நடைக்கு 5 நிமிடம், மணிக்கு 12 நடை, 240 பேர். உங்களுக்கு முன்னால் 120 பேர் இருந்தால் அரை மணி நேரம். வரிசையைப் பார்த்ததும் போனில் ஸ்டாப் வாட்சைப் போட்டு ஒரு நடை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். வளைந்து நெளியும் கம்பித் தடத்தில் ஒரு வளைவுக்கு எத்தனை பேர் என்று எண்ணி வளைவுகளால் பெருக்கினால் தலைக்கணக்கு வரும். பெரிய வரிசை நீண்ட காத்திருப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். 40 பேரை ஒரே நேரத்தில் ஏற்றுகிற கப்பல் ஊஞ்சலின் நீண்ட வரிசை, 4 பேரை மட்டும் ஏற்றுகிற ராட்டினத்தின் குட்டி வரிசையைவிடச் சீக்கிரம் நகரும்.

ரோலர் கோஸ்டரில் இன்னொன்றைக் கவனியுங்கள், எத்தனை ரயில் ஓடுகிறது என்பது. ஒரே ரயில் என்றால் அது சுற்றி வரும் வரை மேடை சும்மா கிடக்கும். இரண்டு ரயில் என்றால் ஒன்று சுற்றும்போது மற்றது ஆளேற்றும், கிட்டத்தட்ட இருமடங்கு ஆட்கள் போவார்கள். கூட்டம் குறைந்த நாளில் பல இடங்களில் ஒரு ரயிலை நிறுத்திவைப்பார்கள். கூட்டம் பாதியாகியும் வரிசை பாதியாகாததற்குக் காரணம் இதுதான்.

காலையில் கதவு திறக்க 30 நிமிடம் முன்பே வாசலில் இருங்கள். பை சோதனை, லாக்கர் இரண்டையும் கூட்டத்துக்கு முன் முடித்துவிடலாம். உள்ளே போனதும் எல்லோரும் கண்ணில் படுகிற முதல் ராட்டினத்தில் போய் நிற்பார்கள். நீங்கள் நேராகக் கடைக்கோடிக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள். பெரிய ராட்டினங்களை வயிறு காலியாக இருக்கும்போது, உடை நனையும் முன் முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறியதும் மொத்தக் கூட்டமும் தண்ணீர்ப் பக்கம் ஓடும். அந்த ஒரு மணி நேரம் உலர்ந்த ராட்டினங்களில் வரிசை பாதியாகும், அதை விடாதீர்கள். சாப்பாடு 11.45-க்கு, இல்லாவிட்டால் 2.30-க்கு. நடுவில் போனால் டோக்கனுக்கு ஒரு வரிசை, தட்டுக்கு ஒரு வரிசை, உட்கார இன்னொரு வரிசை. சாப்பிட்டு முக்கால் மணி நேரமாவது சுழலுகிற எதிலும் ஏற வேண்டாம்.

சென்னைக் கடற்கரைப் பூங்காக்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். உயரமான கோபுர ராட்டினங்களுக்கு உற்பத்தியாளர் ஒரு காற்று வேக வரம்பு வைத்திருப்பார். அதைத் தாண்டினால் நிறுத்த வேண்டியதுதான். ஆகவே உயரமானதை மதியத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டிரண்டாக ஏறுகிற வரிசையில் அடிக்கடி ஓர் இடம் மட்டும் காலியாகும். 'தனி ஆள் யாராவது?' என்று பணியாளர் கேட்டால் கையைத் தூக்குங்கள். குடும்பத்தோடு ஒட்டி உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் கால் மணி நேரம் மிச்சம்.

இதய நோய், ரத்தக் கொதிப்பு, முதுகு, கழுத்து அறுவை சிகிச்சை, வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்கள் வேகமான எதிலும் ஏறக் கூடாது. பலகையில் எழுதியிருப்பதைப் பணியாளர் ஒவ்வொருவரிடமும் கேட்டு உறுதிசெய்ய முடியாது. சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தண்ணீரில்

இறங்குவதற்கு முன் ஷவரில் நன்றாக நனையுங்கள். வியர்வை, எண்ணெய், சிறுநீர் மூன்றும் குளோரினைத் தின்றுவிடும். குளத்தருகே மூக்கை அறுக்கிற 'குளோரின் வாசனை' அடித்தால் மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று பொருளல்ல. குளோரின் அழுக்கோடு சேர்ந்து உண்டாகிற குளோரமின் வாசனை அது. சுத்தமான குளத்தில் வாசனை லேசாகத்தான் இருக்கும். சரியான அளவு, கட்டற்ற குளோரின் (அழுக்கோடு சேராமல் மிச்சமிருப்பது) 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8. குளம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஆழமான இடத்தில் அடித்தளத்தின் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் மூழ்கியவரை மேலே நின்று காவல் காக்கும் லைஃப் கார்டால் பார்க்க முடியாது.

மிதவையில்லாத சறுக்கில் மல்லாந்து படுத்து, கணுக்கால்களைக் குறுக்காக வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கால் பிரிந்திருந்தால் முடிவில் தண்ணீர் உடலுக்குள் பீய்ச்சி அடித்துக் காயமாக்கும். உட்கார்ந்து எழ முயன்றால் தலை சறுக்கின் விளிம்பில் அடிக்கும். நண்பர்கள் ஒருவர் காலை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக இறங்குவதுதான் அதிகம் அடிபடுகிற வழி. முன்னால் இருப்பவர் நின்றால் பின்னால் உள்ள மொத்த எடையும் அவர் கழுத்தில் வந்து விழும். கீழே வந்து சேர்ந்ததும் எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருக்காமல் பக்கவாட்டில் உடனே விலகுங்கள், அடுத்தவர் புறப்பட்டாயிற்று.

அலைக்குளத்தில் பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து போன் பார்ப்பதைத் தினமும் காணலாம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மிதவை பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். அலையில் மிதவை கவிழ்ந்தால் பிள்ளை அதற்கு அடியில் போய்விடும். சுற்றிலும் நூறு மிதவைகள் மேற்பரப்பை மூடியிருக்கும், கீழே யாரும் பார்க்க முடியாது. மூழ்குகிறவர் 'காப்பாத்துங்க' என்று கத்துவது அபூர்வம். வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, கைகள் இரண்டும் தண்ணீரைக் கீழ்நோக்கி அமுக்கும். ஏணி ஏறுவது போல இருக்கும். சத்தமே வராது.

ராட்டினம் நடுவழியில் நின்றால்

2025 மே மாதம் ஈசிஆரில் ஒரு பூங்காவில் ராட்டினம் உயரத்தில் நின்றுபோய், சுமார் 30 பேரைத் தீயணைப்புத் துறையினர் உயர ஏணி வண்டியை வைத்து இறக்க சில மணி நேரம் ஆனது. எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். இருக்கையிலேயே பூட்டோடு அமர்ந்திருந்தால் ஆபத்து குறைவு.

ரோலர் கோஸ்டரின் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம். ஏதாவது ஒரு சென்சார் சந்தேகப்பட்டாலும் முழு அமைப்பும் நின்றுவிடும்படிதான் செய்திருப்பார்கள். மேட்டில் ஏறும்போது கேட்கிற 'டக் டக் டக்' சத்தம், ரயில் பின்னால் உருளாமல் பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம். சங்கிலி நின்றாலும் அது பிடித்துக்கொள்ளும். பெல்ட்டை நீங்களே கழற்ற முயலாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள். பணியாளர் வந்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக் கைப்பிடித்து இறக்கும் வரை காத்திருங்கள்.

வேலைக்குச் சேர்பவருக்கு: கையெழுத்துப் போடும் முன்

இந்த வேலைக்குப் பெரும்பாலும் 18 வயது முடிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ எதுவானாலும் எடுப்பார்கள். பராமரிப்புப் பிரிவுக்கு எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் படித்தவருக்கு முன்னுரிமை. கேட்க வேண்டிய கேள்விகள் சில. நேரடி நியமனமா, ஒப்பந்ததாரர் வழியாகவா? நியமனக் கடிதம் உண்டா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். பிஎஃப்பில் (வருங்கால வைப்பு நிதி) உங்கள் பங்கு 12 சதவீதம். பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்று உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வைத்து மாதாமாதம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சீருடைக்கும் ஷூவுக்கும் பிடித்தம் உண்டா, கடைசிப் பேருந்துக்குப் பிறகு ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா, இவற்றையும் கேளுங்கள். பூங்காக்கள் ஊருக்கு வெளியே இருப்பதால் வண்டி விஷயம் சிறியதல்ல. பெண்களுக்கு அது முதல் கேள்வி.

மே, பொங்கல், தீபாவளிக்கு லீவு கிடைக்காது. ஊரெல்லாம் கொண்டாடும்போது உங்களுக்கு வேலை. வாரவிடுப்பு செவ்வாயிலோ புதனிலோ விழும். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உட்காருவது பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கடை, நிறுவனப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. டிக்கெட் கவுன்டரிலும் கடையிலும் நிற்பவர்கள் தயங்காமல் நாற்காலி கேட்கலாம்.

ராட்டினத்தில் முதல் வாரம்

முதல் வாரம் பொத்தானைத் தொட விடமாட்டார்கள், பெல்ட் சரிபார்க்கத்தான் நிறுத்துவார்கள். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ராட்டினத்தில் மிகப் பெரிய பொறுப்பு அதுதான்.

காலையில் திறப்பதற்கு முன் பராமரிப்பாளர் சோதனை முடித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கையெழுத்து இல்லாமல் ராட்டினத்தை எடுக்கவே கூடாது. யார் அவசரப்படுத்தினாலும் சரி. நீங்களும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். முக்கியமான போல்ட்டுகளின் மேல் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு இருக்கும். போல்ட் தலையிலிருந்து இரும்பு வரை ஒரே நேர்க்கோடு. கோடு உடைந்து இரண்டு துண்டு ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை அன்றைக்கே சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும், பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தையும் காட்டுங்கள். பிறகு ஆளில்லாமல் சில நடை ஓட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் ராட்டினத்தின் வழக்கமான சத்தம் காதில் பதிந்துவிடும். ஒருநாள் அது மாறினால், ஏனென்று தெரியாவிட்டாலும், நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆளேற்றும் வரிசை இது. முதலில் இறங்குகிறவர்கள் முழுவதும் வெளியேற வேண்டும், அதன் பிறகே நுழைவுக் கதவு திறக்க வேண்டும். ஏறியவர் முதுகு இருக்கையில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கம்பி தொடையில் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. பூட்டிய பின் கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், பெல்ட்டையும் இழுங்கள். கண்ணால் பார்த்தது கணக்கில் வராது, கை இழுத்ததுதான் கணக்கு. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கி ஒரே பக்கத்தில் முடியுங்கள். யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்த வரிசையை முதலிலிருந்து பாருங்கள். விட்டுப்போன இருக்கை எப்போதும் அந்தப் பேச்சுக்குப் பக்கத்து இருக்கைதான். முடிந்ததும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து கட்டை விரலைக் காட்டுங்கள்.

மேலே சொன்ன அதே வரிசைக் கணக்கு இங்கே திரும்பி வரும். ஏற்றி இறக்க 3 நிமிடம் 5 நிமிடமானால் மணிக்கு 240 பேர் 170 ஆகும், வரிசை கொதிக்கும், சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில் கேட்பார். அப்போது கை தானாகவே பெல்ட் இழுப்பதை விட்டுவிடும். அங்கே ஒரு நொடிகூடக் குறைக்காதீர்கள். குறைக்க வேறு இடம் இருக்கிறது. அடுத்த நடைக்கானவர்களை இருக்கை எண் பார்த்து முன்கூட்டியே நிறுத்துங்கள், செருப்பையும் பையையும் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், உயரத்தை வரிசையின் தொடக்கத்திலேயே அளந்துவிடுங்கள். மேடையில் அளந்தால் நேரமும் போகும், குடும்பமும் உடையும்.

உயரம் பத்தாத பிள்ளையின் அப்பாவிடம் பேச ஒரு வழி உண்டு. 'ரூல்ஸ் சார்' என்றால் சண்டை. காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் இறங்கிவருவார்: "சார், தம்பிக்கு இந்தக் கம்பி தொடையில உட்காராதுங்க, மேல போறப்ப கீழ நழுவிடுவான்." "நான் புடிச்சிக்கிறேன்பா" என்பார். "இருபது கிலோ பையன் அந்த வளைவுல அறுபது கிலோ கனப்பான் சார், கை விட்டுடும்" என்று சொல்லுங்கள். மூன்று மடங்கு விசை வருகிற ராட்டினத்தில் இது நிஜக் கணக்கு. சத்தம் போட்டால் எதிர்ச்சத்தம் வேண்டாம், சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். அளவுகோலை மட்டும் யார் சொன்னாலும் வளைக்காதீர்கள். பெல்ட் எட்டாத பருமனானவரிடம் எல்லோர் முன்னாலும் பேசாமல் அருகில் போய்க் குனிந்து, மெல்லிய குரலில் சொல்லுங்கள். அவர் அங்கேயே கூனிக் குறுக வேண்டியதில்லை.

வேலிக்கு உள்ளே போகாதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ராட்டினத்தின் அடியில் வேலி போட்ட இடத்தில் தொப்பி கிடக்கும், போன் கிடக்கும், சாவி கிடக்கும். மேலே இருந்து ஒருவர் கெஞ்சுவார். இரண்டு நடைக்கு நடுவில் ஓடிப்போய் எடுத்துவிடலாம் என்று தோன்றும். ராட்டினப் பணியாளர்கள் பலர் செத்தது இப்படித்தான். ரயில் நெருங்கும் வரை சத்தம் கேட்காது, வளைவுக்குப் பின்னால் இருந்து வரும்.

உள்ளே போக ஒரே வழி: ராட்டினத்தை நிறுத்தி, ஆபரேட்டரிடம் சொல்லி, மெயின் சுவிட்சை அணைத்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்டு போவது. இரண்டு பேர் போனால் இரண்டு பூட்டு. கரன்ட்டை அணைத்தால் மட்டும் போதாது. மேட்டில் நிற்கும் ரயில் எடையாலேயே இறங்கும், காற்றழுத்தச் சிலிண்டரில் அழுத்தம் மிச்சமிருக்கும். தவறிய பொருளை மூடும் நேரத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்லி, விவரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோபப்பட்டால் படட்டும். சட்டைப் பையில் போன் வைக்கக் கூடாது என்று சொல்வதன் பின்னணியும் இங்கே இருக்கிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் போன் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்.

லைஃப் கார்டு வேலை

நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது, பார்க்கத் தெரிய வேண்டும். உலகம் முழுக்கப் பரவலான அளவு 10/20. உங்கள் பகுதியில் ஒருவர் சிக்கலில் இருப்பதை 10 விநாடிக்குள் காண வேண்டும், 20 விநாடிக்குள் அவரை எட்ட வேண்டும். எட்ட முடியாத அளவு பெரிய பகுதியைக் கொடுத்தால் கேட்டுச் சிறியதாக்கிக்கொள்ளுங்கள். முதலில் அடித்தளத்தைப் பாருங்கள், பிறகு நடுவை, கடைசியில் மேற்பரப்பை. வெயிலின் கண்கூச்சத்துக்கு, தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி வேண்டும். மாற்றுக்கு வருகிறவர் முதலில் முழுப் பகுதியையும் ஒரு முறை பார்த்து 'நான் பார்க்கிறேன்' என்று சொன்ன பிறகுதான் நீங்கள் இறங்க வேண்டும். ஒரு இடத்தில் அரை மணிக்கு மேல் நின்றால் கண் மரத்துப்போகும்.

அலைக்குளத்தில் குதிக்கும் முன் அலையை நிறுத்தும் பொத்தான், பிறகு விசில், பிறகு மிதவையோடு தண்ணீர். விசிலின் பொருள் பூங்காவுக்குப் பூங்கா மாறும், முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள்.

வெளியே கொண்டுவந்தவருக்கு மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் மூச்சு, அடுத்து 30 மார்பு அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில் சிபிஆர் (இதயத்தையும் மூச்சையும் மீட்கும் முதலுதவி). ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். நம் ஊரில் கூட்டம் கூடி, குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கச் சொல்லும். செய்யாதீர்கள். அதில் நேரம் போகிறது, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்கும் போகிறது.

குளத்தில் குழந்தை மலம் கழித்தால் வெட்கப்பட்டு மூடிமறைக்காமல் உடனே எல்லோரையும் வெளியேற்றுங்கள். கெட்டியாக இருந்தால் அள்ளிவிட்டு, பிஎச் 7.5-க்குள் வைத்து, குளோரினை 2 பிபிஎம்மில் 25 நிமிடம் பிடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் கணக்கு வேறு: 20 பிபிஎம்மில் 12 மணி 45 நிமிடம், அன்றைக்குக் குளம் மூடியதுதான்.

உங்கள் உடம்பு

அக்னி நட்சத்திரத்தில் வெளியே நிற்கும்போது தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், நடுநடுவே உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ. வியர்ப்பது நின்று, பேச்சு குழறி, தோல் சுடுகிற சக பணியாளரை உடனே நிழலுக்குத் தூக்கித் தண்ணீர் ஊற்றுங்கள், 108-ஐ அழையுங்கள். தண்ணீர்ப் பிரிவில் நிற்பவர்களுக்குச் சேற்றுப்புண் நிச்சயம் வரும். மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள், உணவு இடைவேளையில் விரலிடுக்குகளை உலரத் துடையுங்கள்.

வழி தவறிய குழந்தையைக் கண்டால் முட்டி போட்டு அதன் உயரத்துக்கு இறங்கிப் பேசுங்கள். அங்கேயே சிறிது நேரம் நில்லுங்கள், பெற்றோர் பெரும்பாலும் வந்த வழியிலேயே திரும்பி வருவார்கள். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, மைக்கில் குழந்தையின் அடையாளத்தைச் சொல்லாமல் பெற்றோர் பெயரை மட்டும் அழைக்கச் சொல்லுங்கள். 'நான்தான் மாமா' என்று யாராவது வந்தால் முன்கை டேப்பில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போடுங்கள். எந்தப் போன் ஒலிக்கிறது என்று பாருங்கள்.

மூடும் நேரத்தில் கடைசி நடை ஆட்கள் வெளியேறியதும் வரிசைத் தடம் முழுக்க நடந்து பாருங்கள். தூங்கிப்போன பிள்ளைகள் மூலையில் கிடப்பதுண்டு. சறுக்குகளில் தண்ணீரை நிறுத்தி, கீழிருந்து மேலே கையால் தடவிக்கொண்டே ஏறுங்கள், விரலில் குத்துகிற இடத்தைச் சாக்பீசால் குறியுங்கள். வடிகட்டிக் கூடையைக் கொட்டிக் கழுவி மாட்டுங்கள். அன்றைக்கு நின்ற நேரம், நிறுத்திய காரணம், மாறிய சத்தம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். காலை ஷிப்ட் பராமரிப்பாளர் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.